சிக்னல் இல்லாத நாளுக்கு ஒரு செயலி: வியாபாரிகளும் கைகொடுக்க வேண்டும்

ஒரு வியாபாரிக்கு முதலுக்கும் சரக்குக்கும் அடுத்தபடியாகத் தேவைப்படுவது தகவலாகும். தம்புள்ளையில் இன்று வெங்காயம் என்ன விலை, கொழும்பிலிருந்து புறப்பட்ட லொறி எங்கே நிற்கிறது, வங்கியில் போட்ட காசோலை மாறியதா, திரும்பியதா என்பன தெரியாமல் ஒரு நாளும் கடை நடக்காது. முன்னர் இதற்கெல்லாம் கடிதமும் தந்தியும் மேசைத் தொலைபேசியும் இருந்தன. இன்று அனைத்தும் வட்ஸ்அப் என்றாகிவிட்டது. ஓடர் அதில் வருகிறது, விலைப்பட்டியல் அதில் போகிறது, வங்கியில் பணம் வைப்பிலிட்ட துண்டின் படமும் அதில்தான் வந்து சேர்கிறது.

இவ்வளவு பெரிய காரியத்தை நாம் ஒப்படைத்திருக்கும் அந்த வழி, நமது கட்டுப்பாட்டில் இல்லாத பல கைகளைக் கடந்து வருகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு அனுப்பும் ஒரு வரிச் செய்தி கூட, கோபுரம் ஏறி, கடலடிக் கம்பி வழியே வெளிநாட்டிலுள்ள கணினிக்குச் சென்று, அதே வழியில் திரும்பித்தான் பத்து அடி தூரத்தில் இருப்பவரின் கைக்கு வருகிறது. இந்த நீண்ட வழியில் எந்த இடம் அறுந்தாலும் செய்தி நின்றுவிடும்.

அப்படி நின்ற நாட்களை நாம் மறந்திருக்க முடியாது. 2018 மார்ச்சில் திகனயில் தொடங்கிய வன்செயல் கண்டி மாவட்டத்தின் ஏனைய இடங்களுக்கும் பரவியபோது, மார்ச் 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. அவை முற்றாக வழமைக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் சென்றது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் விதிக்கப்பட்ட தடை ஏப்ரல் 30 வரை நீடித்தது. அடுத்த மாதம் 13 ஆம் திகதி, வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்ட அந்த நாளில், மீண்டும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில் மற்றுமொரு தடை, சில மணி நேரத்துக்கு.

இந்தத் தடைகள் சரியா பிழையா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. தடையே இல்லாமலும் தொடர்பு அறும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மண்சரிவும் வெள்ளமும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றன. பாதை, மின்சாரம், தொலைபேசி மூன்றும் ஒன்றாக அறுந்த ஊர்கள் மலையகத்தில் பல. அந்த நாட்களில் வியாபாரிகளுக்குத் தேவைப்பட்டது பெரிய தொழில்நுட்பம் எதுவுமல்ல. "எங்கள் பக்கம் தண்ணீர் ஏறுகிறது, சரக்கை மேலே எடுங்கள்", "பாண் மாவு ஐந்து மூடை இருக்கிறது, தேவையானவர் வரவும்" என்ற ஒரு வரி, வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் போதுமாக இருந்தது.

அந்த ஒரு வரியைக் கொண்டுசெல்லக்கூடிய செயலிகள் இன்று உள்ளன. அவற்றை எழுதிக்கொண்டிருப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களுக்கு நாமும் கைகொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆள் வசம் அனுப்பும் முறை

நமது கையடக்கத் தொலைபேசி ஒவ்வொன்றிலும் புளூடூத், வைஃபை என்ற இரு சிறு வானொலிகள் உள்ளன. கோபுரம் எதுவும் இல்லாமலேயே இவை பக்கத்திலுள்ள மற்றொரு போனுடன் பேசும். புளூடூத்தின் எட்டும் தூரம் கட்டடங்களுக்குள் ஏறத்தாழ பத்து மீற்றர், வெளியான இடத்தில் இன்னும் சற்று அதிகம். ஒரு போனுக்கு இது குறைவுதான். ஆனால் கடைவீதி ஒன்றில் பத்து மீற்றருக்குள் எத்தனை போன்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதலாம் கடையின் போன் இரண்டாம் கடைக்குக் கொடுக்க, அது மூன்றாம் கடைக்குக் கொடுக்க, செய்தி கைமாறிக் கைமாறி வீதி முழுதும் போய்விடும். இடையிலுள்ளவர் அதைத் திறந்து வாசிக்க முடியாதபடி பூட்டியும் அனுப்பலாம்.

இன்னொரு முறையும் உண்டு. போன் செய்தியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, உரியவரின் போன் அருகில் வரும்போது கொடுத்துவிடும். நமது மூத்த வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வசம் ஓடர் துண்டையும் காசையும் கொடுத்தனுப்பி, மாலையில் அதே பஸ்ஸில் சாமானும் பில்லும் பெற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த 'ஆள் வசம்' முறையைத்தான் இந்தச் செயலிகள் போனுக்குப் போன் செய்கின்றன. காலையில் கடையில் நின்ற லொறிச் சாரதி, பகலில் அடுத்த ஊர்க் கடைக்குச் செல்லும்போது, அவரது சட்டைப்பையிலுள்ள போனே தபால்காரனாகிவிடும்.

உலக அனுபவம் தரும் பாடங்கள்

2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டைப் பூமியதிர்ச்சி உலுக்கியபோது தொலைத்தொடர்பு சிதைந்துபோனதைக் கண்ட போல் கார்ட்னர்-ஸ்டீபன் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், அடிலெய்டிலுள்ள ஃபிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 'சேர்வல்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். கோபுரம் இல்லாமல் போனுக்குப் போன் பேசவும் செய்தி அனுப்பவும் செய்வதே அதன் இலக்கு. அதே ஆண்டில் தென் அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறமான ஆர்கரூலா பகுதிக்கு அதை எடுத்துச் சென்று சோதித்தார்கள். ஆய்வுகூடத்தில் ஓடுவது வெளியில் ஓடுமா என்று பார்ப்பதற்காகவே அந்தப் பயணம்.

2014 இல் 'ஃபயர்சட்' என்ற செயலி வந்தது. அவ்வாண்டு ஹொங்கொங் ஆர்ப்பாட்டங்களின்போது பெருந்தொகையானோர் அதைப் பயன்படுத்தினர். பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அது ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. சில ஆண்டுகளில் நிறுவனம் கைவிட, செயலியும் மறைந்துவிட்டது. 2019 இல் அதே ஹொங்கொங்கில் மக்கள் 'பிரிட்ஜ்ஃபை' என்ற வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. அதை 2020 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ரோயல் ஹொலொவே கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதித்து, செய்திகளை மற்றவர் வாசிக்கவும் ஆள்மாறாட்டம் செய்யவும் முடியும் என்று காட்டினார்கள். அதன் பின்னரே அந்நிறுவனம் பாதுகாப்பு முறையை மாற்றியது.

2018 இல் முதலாவது முழுப் பதிப்பு வெளியான 'பிரையர்' இவற்றிலிருந்து வேறுபட்டது. இது திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் நிரலை எவரும் வாசிக்கலாம், குறை கண்டால் சொல்லலாம், திருத்தியும் கொடுக்கலாம். இணையம் இருந்தால் இணையம் வழியாகவும், இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகவும் செய்தி போகும். இணையமே இல்லாத இடத்தில் ஒரு போனிலிருந்து மற்றப் போனுக்குச் செயலியையே கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. 2025 ஜூலையில், டுவிட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜெக் டோர்சி 'பிட்சட்' என்ற திறந்த மூலச் செயலியை வெளியிட்டார். ஒரு செய்தி அதிகபட்சம் ஏழு கைமாறும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. வெளியான சில நாட்களிலேயே அதில் ஆள்மாறாட்டத்துக்கு இடமிருப்பதை வெளி ஆய்வாளர் ஒருவர் காட்ட, பாதுகாப்புப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை என்ற எச்சரிக்கை அதனுடன் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் நேபாளத்தில் சமூக ஊடகங்கள் தடை செய்யப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் அதைப் பதிவிறக்கினர்.

இவற்றிலிருந்து ஒரு வியாபாரியின் கண்ணுக்குத் தெரியும் பாடங்கள் மூன்று. ஒன்று, ஒரே கம்பனியின் கையிலுள்ள சரக்கு, கம்பனி மூடினால் நின்றுவிடும். பலர் கையிலுள்ளது நிற்காது. இரண்டு, குறைகளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கும் கண்களே. மூன்று, நேபாளத்தில் இணையம் இருந்தபடியால் பதிவிறக்க முடிந்தது. டித்வா போன்ற ஒரு நாளில், சிக்னல் போன பின் எங்கிருந்து பதிவிறக்குவது? வெள்ளம் வந்த பிறகு படகு கட்டுவதைப் போன்றதுதான் அது.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை" என்று சொல்பவர்களுக்கு ஒரு வரலாற்றை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்து அம்பாந்தோட்டையின் தொடர்புகள் அறுந்தபோது, கொழும்புடன் செய்திப் பரிமாற்றத்தை ஏற்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் விக்டர் குணதிலக உள்ளிட்ட அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள். பொழுதுபோக்காக வானொலிக் கருவிகளை வைத்திருந்தவர்கள், அன்று அரசாங்கத்துக்கே தபால்காரர்களானார்கள். கருவியும் பழக்கமும் முன்கூட்டியே கையில் இருந்ததால்தான் அது சாத்தியமானது.

அதே நாட்களில் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனின் ஒருங்கிணைப்பில் நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்து 'சஹன' என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் விபரம், முகாம்கள், நிவாரண அமைப்புகள், தேவைப்படும் பொருட்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் பதிவு செய்யும் மென்பொருள் அது. சில வாரங்களில் பாவனைக்கு வந்தது. பின்னர் 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அதுவே எடுத்துச் செல்லப்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது. கூலி வாங்காத இலங்கையரின் கைகளால் உலகம் பயன்பெற்றது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

நமக்கு என்ன வேலை?

கடந்த சில மாதங்களாக நானும் இத்தகைய ஒரு திறந்த மூலச் செயலிக்குத் தொண்டனாக இருக்கிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அக்குறணையில் இரும்புச் சாமான் கடை நடத்துபவன் நான். மென்பொருள் படிக்கும் என் மருமகன்தான் இதில் என்னை இழுத்துவிட்டார். நான் அக்கம்பக்கத்துக் கடைகளில் இதைப் பற்றிச் சொன்னபோது கிடைத்த முதல் பதில், "நாநா, எங்களுக்குக் கம்பியூட்டர் படிப்பு இல்லியே, நாங்க என்னத்தச் செய்ய?" என்பதுதான். செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதை அனுபவத்தில் கண்டதால் அவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது வேலை, நமது வீதியில் சோதித்துப் பார்ப்பது. எங்கள் ஊர்க் கடைவீதி கண்டி - மாத்தளை வீதியின் இரு பக்கமும் நீளமாகக் கிடக்கிறது. பக்கத்தில் பிங்கா ஓயா. பெருமழை பெய்தால் கடைகளுக்குள் தண்ணீர் வருவது எங்களுக்குப் பழகிப்போன துன்பம். கீழ்ப்பக்கத்துக் கடையில் தண்ணீர் ஏறும் செய்தி மேல்பக்கத்துக்கு நேரத்துக்குக் கிடைத்தால் இலட்சக்கணக்கான சரக்குத் தப்பும். ஆகவே கடை மூடும் நேரத்தில் 12 போன்களை ஒரு வரிசைக் கடைகளில் வைத்து, இணையத்தையும் சிம்மையும் நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பிப் பார்த்தோம். கடைகள் திறந்திருந்தபோது போன செய்தி, இரும்பு ஷட்டர்களை இறக்கியதும் நடுவழியில் நின்றது. கொங்கிறீட் சுவர் தடித்த கடைகளில் பின்னறையிலிருந்து முன்பக்கத்துக்கே போகவில்லை. போனை முன்மேசையில், ஷட்டர் ஓரத்தில் வைத்தபோது மீண்டும் போனது. செயலியை எழுதியவர் வெளிநாட்டில் ஒரு வீட்டு மேசையில் இரண்டு போன்களை வைத்துச் சோதித்தவர். ஷட்டர் இறக்கிய கடைவீதியை அவர் எங்கே காண்பது? அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, விலை குறைந்த போன்கள். நமது ஊழியர்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது பழைய அன்ட்ரொய்ட் போன்கள். பற்றரியைச் சேமிப்பதற்காக இவற்றில் பல, பின்னணியில் ஓடும் செயலியைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. சட்டைப்பையில் போட்டுக் கால் மணி நேரத்தில் செயலி உறங்கிவிட்டால், செய்தி கைமாறுவது எப்படி? எந்தப் போனில், எந்த அமைப்பை மாற்றினால் உறங்காமல் இருக்கும் என்று கண்டுபிடித்து எழுதி அனுப்பினோம். பழைய அன்ட்ரொய்ட் பதிப்புகளில் புளூடூத் மூலம் பக்கத்துப் போனைத் தேடவே இருப்பிட அனுமதி கொடுக்க வேண்டும். "எங்க ஈக்கிறன்னு இவனுக்கு என்னத்துக்கு?" என்று பயந்து மறுத்தவர்கள் அநேகர். பயம் நியாயமானது. காரணத்தை அந்த இடத்திலேயே இரு வரியில் விளக்க வேண்டும் என்று அறிவித்தோம். அடுத்த பதிப்பில் விளக்கம் வந்திருந்தது.

மூன்றாவது, மொழி. இது நாம் மட்டுமே செய்யக்கூடிய வேலை. போய்ச் சேராத செய்திக்குப் பக்கத்தில் "நிலுவையில் உள்ளது" என்று தமிழில் போட்டிருந்தார்கள். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் எங்கள் வரிசையில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நான் யாருக்கும் நிலுவை வைக்கல்லியே!" என்று திடுக்கிட்டார். வியாபாரிக்கு நிலுவை என்றால் கடன் பாக்கி. அதை "இன்னும் போய்ச் சேரவில்லை" என்று மாற்றும்படி எழுதினோம். "சகபாடிகள் இல்லை" என்றிருந்ததை "அருகில் யாரும் இல்லை" என்றாக்கினோம். தமிழ்ச் சொல் நீளமாக இருந்ததால் பொத்தானில் பாதி எழுத்து வெட்டுப்பட்டதையும் படம் பிடித்து அனுப்பினோம். சிங்களத்திலும் இதே வேலை காத்திருக்கிறது. வெள்ளமும் மின்வெட்டும் மொழி பார்த்து வருவதில்லை. பக்கத்துச் சிங்களக் கடைக்காரரின் போனில் இது இல்லாவிட்டால் நமது சங்கிலி அவரது கடையோடு அறுந்துவிடும். அதனால் எங்கள் சோதனைகளுக்கு அவர்களையும் அழைக்கத் தொடங்கினோம்.

நான்காவது, ஒழுங்கான முறைப்பாடு. நம்மிடம் ஒரு சில்லறைக் கடைக்காரர் வந்து, "நீங்க தந்த சாமான் சரியில்ல" என்று மட்டும் சொன்னால் நாம் என்ன செய்வோம்? எந்தச் சாமான், எந்தப் பில், எத்தனையாம் திகதி, என்ன பழுது என்று கேட்போம். மென்பொருளும் அப்படித்தான். போனின் மாதிரி, அன்ட்ரொய்ட் பதிப்பு, நேரம், நாம் என்ன செய்தோம், என்ன நடந்தது என்ற ஐந்து விபரமும் இருந்தால் எழுதுபவருக்கு அது பொன். திருப்பி அனுப்பும் சரக்குக்குக் குறிப்பெழுதிப் பழகிய நமக்கு இது கைவந்த கலை.

ஐந்தாவது, பணமுள்ளவர்கள் பணத்தாலும் உதவலாம். பாவித்து ஓரத்தில் போட்ட பழைய போன்கள் நமது மேசை லாச்சிகளில் எத்தனை! அவற்றைச் சோதனைக்குக் கொடுக்கலாம். மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் நமது குடும்பங்களில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதன் ஒரு குறையைத் திருத்தும்படி ஊக்கப்படுத்தலாம். தொழில் தேடும்போது, உலகமே பார்க்கக்கூடிய ஒரு வேலையைச் செய்தவர் என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழையும் விடப் பயன்படும்.

எழும் கேள்விகள்

இதைப் பேசும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கும் பதில் சொல்வது கடமை.

வதந்தி இதிலும் பரவாதா? பரவும். 2018 கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டதை நாம் அறிவோம். அங்கே முறைப்பாடு செய்ய ஓர் அலுவலகமாவது உண்டு. போனுக்குப் போன் போகும் செய்தியை நீக்குவதற்கு நடுவில் எவரும் இல்லை. எனவேதான் இதைப் பொது மேடையாக அன்றி, ஒருவரையொருவர் அறிந்த கடைக்காரர்களின் வட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். எங்கள் வட்டத்தின் விதிகள் இரண்டே இரண்டு. பெயர் போடாத செய்தி செல்லாது. தன் கண்ணால் காணாததை அனுப்பக் கூடாது. காசோலையில் கையொப்பம் இல்லாவிட்டால் நாம் வாங்குவதில்லை, செய்திக்கும் அதே சட்டம். பொய்ச் செய்தி எந்த வழியில் போனாலும் குற்றம் குற்றமே என்பதையும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

இரகசியமான கொடுக்கல் வாங்கலை இதில் செய்யலாமா? வேண்டாம். மேலே சொன்னபடி, இத்தகைய செயலிகளில் பாதுகாப்புக் குறைகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதையும் அனுப்பாதீர்கள். வங்கிக்கும் அட்டை இயந்திரத்துக்கும் இது மாற்றீடு ஆகாது. ஊர் விட்டு ஊர் உடனடிச் செய்தி அனுப்பவும் உதவாது. இது ஒரு வீதிக்கான, ஒரு சந்தைக்கான, அவசர நேரத்துக்கான கருவி மாத்திரமே. தீயணைப்பு வாளியில் யாரும் தேநீர் வைப்பதில்லை, ஆனாலும் அது கடையில் தொங்கத்தான் வேண்டும்.

இலாபம் என்ன? இது நியாயமான வியாபாரிக் கேள்வி. கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூடிய வரவு இதில் இல்லை. ஆனால் இச்செயலியின் பெறுமதி விசித்திரமானது. ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அதன் விலை பூச்சியம். வீதியில் எல்லோரும் வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். என் போட்டிக்காரர் வைத்திருப்பது எனக்கும் இலாபம் என்றிருக்கும் பொருள் வியாபாரத்தில் அரிது. நமது முன்னோர் சந்திகளில் கிணறு வெட்டியபோது, தண்ணீர் குடிப்பவன் என் கடையில் சாமான் வாங்குவானா என்று கேட்கவில்லை. கிணறு இருக்கும் சந்தியில் சனம் நின்றது, சனம் நின்ற இடத்தில் கடைகள் தழைத்தன.

நேரம் எங்கே? எங்களுக்கு வாரத்தில் ஒரு மாலை, கடை மூடிய பின் அரை மணி நேரம் செலவாகிறது. அதில் பாதி நேரம் தேநீரும் பேச்சும்தான். அரை மணி நேரத்தைத் தொடர்ந்து கொடுப்பது பெரிதாகத் தெரியாவிட்டாலும், தொண்டர்களை நம்பியிருக்கும் ஒரு திட்டத்தில், சொன்ன நாளில் சொன்ன வேலையைச் செய்பவருக்கு இருக்கும் மதிப்பே தனி. ஆர்வத்தில் வந்து இரண்டு வாரத்தில் மறைபவர்களை அவர்கள் நிறையவே கண்டிருக்கிறார்கள். தவணை தவறாமல் நடப்பது வியாபாரியின் குணம். அதையே அவர்களுக்குக் கொடுப்போம்.

சங்கங்கள் முன்வர வேண்டும்

தனிநபர் முயற்சியாக இது நெடுந்தூரம் போகாது. ஒவ்வொரு ஊரிலும் வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுக் கூட்டம், பகற்போசனம், பொன்னாடை என்பவற்றோடு நில்லாமல், அவை இதைக் கையிலெடுக்க வேண்டும். புறக்கோட்டை போன்ற நெருக்கமான சந்தை, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர நகரங்கள், மாவனல்லை, அக்குறணை போன்ற மலைநாட்டு ஊர்கள் என்று நிலத்தோற்றம் வேறுபட்ட இடங்களில் சோதனை நடந்தால், எழுதுபவர்களுக்குக் கிடைக்கும் விபரம் விலைமதிப்பற்றது. ஊரில் யாரிடம் செயலி உண்டு, எந்தக் கடையின் போன் மின்பிறப்பாக்கியில் இயங்கும், செய்தியை மேல்மாடியிலிருந்து கடத்தப் பொருத்தமான கட்டடம் எது, பள்ளிவாசலா, விகாரையா, பஸ் நிலையமா என்பதைக் காட்டும் ஒரு வரைபடத்தைச் சங்கமே தயாரிக்கலாம். வருடத்தில் இரண்டு முறை, பருவ மழைக்கு முன்னர், எல்லோரும் சிம்மை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பழகிப் பார்க்கலாம்.

தொழில்நுட்பத்தை வாங்குபவர்களாகவே நமது சமூகம் இதுவரை இருந்து வந்திருக்கிறது. புதிய போன் வந்தால் முதல் நாளே வாங்குகிறோம், அது செய்யப்படும் இடத்தில் நமது குரல் இல்லை. திறந்த மூலச் செயலிகளின் வாசல் எவருக்கும் மூடப்படவில்லை. நிரல் தெரியாதவனுக்கும் அங்கே நாற்காலி உண்டு. இந்த வாரமே கடையிலுள்ள ஒரு பழைய போனை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு போன்களிலும் சிம்மைக் கழற்றிவிட்டு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். போனால் எவ்வளவு தூரம் போனது என்றும், போகாவிட்டால் எங்கே நின்றது என்றும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.